மாத்தளையில் ஏற்றமில்லாத வழி

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதன் பிறகு கொழும்பில் சாப்பாட்டுக் கடை, வில்கமுவையில் வயல் உழும் டிராக்டர், கட்டாரில் கட்டட வேலை என்று சுற்றினேன். எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. கட்டாரில் சாரப் பலகை சரிந்து விழுந்து தோள் எலும்பு உடைந்தது. பாரம் தூக்க முடியாதவனுக்கு அங்கே வேலை இல்லை, அனுப்பிவிட்டார்கள். சைக்கிள் திருத்தத் தெரியும் என்பதால் அலுவிகாரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் சேர்ந்தேன். பின்பக்க அறையில் டயர்களுக்கு நடுவில் படுக்கை. மழைக்கு ஒழுகும். ஒழுகாத மூலையைக் கண்டுபிடித்த பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை.

அங்கேதான் நானாவைச் சந்தித்தேன். மாத்தளை நகரத்தில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிறவர். தலைமுறை தலைமுறையாக அதே தெருவில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பம். அறுபதை நெருங்குகிற வயது. அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டதால் அவர் மனைவியைத் தாத்தா என்று கூப்பிட்டேன். அவர்கள் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் சொல்.

முதல் நாள் வந்தபோது லொறியிலிருந்து ஒரு புதுக் கியர் சைக்கிளை இறக்கினார். தடித்த டயர், முன்பக்கம் ஸ்பிரிங், மலையில் ஓட்டுகிற ஜாதி. இங்கிலாந்தில் இருக்கும் மகன் கொழும்பிலுள்ள ஒரு கூட்டாளி மூலம் வாங்கி அனுப்பியிருந்தார். சில மாதங்களுக்கு முன் நானாவுக்கு மாரடைப்பு வந்து, கண்டியில் இரத்தக் குழாயை விரித்துக் கம்பிச் சுருள் வைத்திருந்தார்கள். தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அது நடக்கவில்லை. கால் காரணமல்ல. நானா தெருவில் நடந்தால் ஒவ்வொரு கடைக்காரரும் கூப்பிட்டு உட்காரவைத்து மிளகு எப்படிப் போகிறது என்று கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் டீ கொடுத்தார்கள். தெருவின் மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் உடம்புக்குச் சேரக்கூடாத சீனி எல்லாம் சேர்ந்துவிட்டது. சைக்கிளில் போகிறவனை யாரும் மறித்து உட்காரவைக்க மாட்டார்கள் என்பது அவருடைய யோசனை.

டொக்டர் சம்மதித்தார். ஆனால் ஏற்றம் கூடாது என்றார். வாய் பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும்.

"தம்பி, மாத்தளையில சமதரை எங்க ஈக்குது?" என்று நானா கேட்டார்.

"கோச்சி ஸ்டேஷன்ல இருக்குங்க நானா. பிளாட்போம்."

அவர் சிரித்துவிட்டு ஃபோனை எடுத்து மகன் அனுப்பிய வீடியோ ஒன்றைக் காட்டினார். இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊர். பழைய கால்வாய் ஒன்றின் கரையில் சைக்கிள் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் புல்வெளி, அதில் செம்மறியாடுகள். மகனும் மருமகளும் இரண்டு பிள்ளைகளும் ஒரு மேடும் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தார்கள். பாதை பிரிகிற இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு மரப் பலகை. பச்சை என்றால் லேசான வழி, சிவப்பு என்றால் கஷ்டமான வழி என்று மகன் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே இருதய நோயாளிகளை டொக்டர்மாரே அந்தப் பச்சைப் பலகை வழிகளுக்கு அனுப்புவார்களாம்.

நானா என் முதலாளியிடம் பேசி, காலை வேளைகளில் என்னை வாங்கிக்கொண்டார். எனக்கும் கடைக்குள் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுவதைவிட அது பிடித்திருந்தது. பலகை இல்லாத ஊரில் பச்சை வழி தேடுவது என் வேலை.

புறப்படுவதற்கு முன் தாத்தா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். மாரடைப்பு வந்த அன்று குளியலறைக் கதவை உடைத்து அவரை வெளியே இழுத்தவர் இவர்தான். அதற்குப் பிறகு வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட விடுவதில்லை என்று நானா சொல்லியிருந்தார். நான் கடையிலிருந்து எடுத்துவந்த சைக்கிளின் ஹேண்டிலைத் தாத்தா பிடித்துக்கொண்டார். "ஏத்தம் ஒண்டு வந்தா அந்த எடத்திலேயே திருப்பிக் கூட்டிட்டு வாங்க தம்பி. அவர் கேக்க மாட்டார். நீங்கதான் கேக்கணும்" என்றார். நான் சரி என்றேன்.

முதலில் அலுவிகாரையிலிருந்து வடக்கே பெரிய வீதியில் போய்ப் பார்த்தோம். மட்டம்தான், ஆனால் தம்புள்ளை பஸ்கள் காதை உரசிக்கொண்டு போயின. ஒரு பஸ்ஸின் காற்றிலேயே நானா வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். வீட்டில் அதைச் சொல்ல வேண்டாம் என்றார். டவுசரில் இருந்த சேறு சொல்லிவிட்டது.

அடுத்து எனக்கு ஒன்று தோன்றியது. தண்ணீர் மெதுவாகப் போகிற இடம் மட்டமாகத்தான் இருக்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலின் கரையைப் பிடித்தோம். வீடியோவில் பார்த்தது போலவே இருந்தது. செம்மறிக்குப் பதில் எருமை. கரை ஒரு சைக்கிள் போகிற அகலம். வளைவுகளில் நண்டு வளை. நானா மிளகைப் பற்றியும், கராம்பை ஈரத்தோடு விற்க வருகிறவர்களின் தந்திரங்களைப் பற்றியும், மருமகளின் சமையலைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். நான் பின்னால் அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். டொக்டர் சொன்ன அளவு அதுதானே. பேச்சு நடந்தால் நெஞ்சு நலம்.

ஆனால் வாய்க்காலில் பெண்கள் குளிக்கிற படித்துறை வந்தது. தூரத்திலிருந்தே மணி அடித்து, அவர்கள் துணியைச் சரிசெய்யும்வரை மறுபக்கம் திரும்பி நின்று, பிறகு தலையைக் குனிந்துகொண்டு கடந்தோம். மூன்றாம் நாளும் அப்படியே போனபோது ஒரு சிங்களத்துப் பெரியம்மா சோப்பு நுரையோடு நிமிர்ந்து, இந்த முதலாளிக்குக் காற்று வாங்க வேறு இடம் கிடைக்கவில்லையா என்று சத்தமாகக் கேட்டார். நானாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் கடைக்குச் சாதிக்காய் கொண்டுவரும் வீட்டுப் பெண் அந்தப் பெரியம்மா. அதோடு வாய்க்கால் முடிந்தது.

பிறகு இரத்தோட்டைப் பக்கம் போனோம். அங்கே தோட்டங்களுக்குள் பழைய கார்ட் ரோடு உண்டு; மாட்டு வண்டி போவதற்காக வெட்டிய பாதை. வண்டி மாடு பாரத்தோடு ஏறக்கூடிய சாய்வில்தான் வெட்டியிருக்கிறார்கள். அதனால் மலையை நேராக ஏறாமல், சுற்றிச் சுற்றி, ஏறுகிறோம் என்றே தெரியாமல் மேலே கொண்டுபோகும். தார் போன இடங்களில் புல். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் மிளகுக் கொடி ஏறிய மரங்கள். லொறியில் சைக்கிள்களைப் போட்டுக்கொண்டு போய் அடிவாரத்தில் இறங்குவோம். டிரைவர் தார் ரோட்டால் சுற்றிப் போய் மேலே ஸ்டோரடியில், தேயிலை அரைக்கிற இடத்தில், காத்திருப்பார். முதல் கியரில் போட்டு மிதித்தால் நடக்கிற வேகம். நானா பேச்சை நிறுத்தவேயில்லை. சில வாரங்களில் வயிறு கொஞ்சம் உள்ளே போனது. தாத்தா எனக்கும் சேர்த்து இடியப்பம் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார்.

பிறகு பெரிய மழை வந்தது. ஒரு வாரம் போகவில்லை. மழை விட்டதும் போனோம். பாதி வழியில் சின்னப் பாலம் ஒன்று இருந்த இடத்தில் பாலம் இல்லை. மண்ணும் தேயிலைச் செடியும் கல்லும் சேர்ந்து ஓடைக்குள் கிடந்தன. லொறி ஏற்கனவே மேலே போயிருந்தது. அந்த மலை மடிப்பில் ஃபோனுக்கு சிக்னல் இல்லை. திரும்பி இறங்கலாம், இறங்கினால் அடிவாரத்தில் யாரும் இல்லை, டிரைவர் மேலே காத்திருந்து பயந்துபோய் வீட்டுக்குச் சொல்லிவிடுவார். அதுதான் நானாவின் கவலை.

அப்போது தலையில் விறகுக் கட்டோடு ஓர் அம்மா வந்தார். வெற்றிலை வாய், தோட்டத்து இரப்பர் செருப்பு. நானாவைவிட மூத்தவராகத் தெரிந்தார். நான் அவரை நிறுத்திக் கேட்டேன்.

"அம்மா, ஸ்டோருக்குப் போக லேசான வழி எதுங்க?"

"இந்தா, இப்பிடியே ஏறுனா லேசு" என்று மலையைப் பார்த்துக் கையைக் காட்டினார். "ரோட்டச் சுத்திப் போனா ரொம்பத் தூரம்."

கை காட்டிய இடத்தில் தேயிலைக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை போனது. தொடக்கம் மெதுவான சாய்வு. அதற்கு மேல் செடிகள் மறைத்தன. அந்த அம்மா அதே பாதையில் எங்களுக்கு முன்னால் ஏறிப் போய்விட்டார்.

நானும் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். தோட்டத்தில் லேசு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமலில்லை. கொழுந்து நிறைந்த கூடையோடு, அதை நிறுக்கிற மடுவத்துக்குப் போகிறவளுக்கும், விறகோடு அடுப்புக்குப் போகிறவளுக்கும் சீக்கிரம் போய்ச் சேர்கிற வழிதான் லேசு. அது எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் சரி. தூரம்தான் அங்கே பாரம். ஆனால் அத்தனை வாரமாக அந்தப் பச்சைப் பலகையைப் பற்றியே பேசிப் பேசி, லேசு என்ற சொல்லுக்கு என் காதில் வேறு பொருள் ஏறியிருந்தது. அந்த அம்மா தன் லேசைச் சொன்னார், நான் இங்கிலாந்து லேசைக் கேட்டேன்.

முதல் வளைவைத் தாண்டியதும் பாதை குறுக்கு ஆனது. தோட்டத்தில் நேர் செங்குத்துப் பாதையைக் குறுக்கு என்பார்கள். மண்ணில் வெட்டிய படிகள், மழையில் பாதி கரைந்தவை. இறங்கித் தள்ளினோம். நான் திரும்பிவிடலாம் என்றேன். நானா மேலே பார்த்தார். விறகுக் கட்டு செடிகளுக்கு மேலே அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது.

"அந்தப் பொம்பளைக்கு எத்தன வயசு ஈக்கும்?" என்றார். "தலையில ஒரு மரத்தையே வெச்சிட்டுப் போகுது. நாங்க வெறுங்கையோட திரும்புறதா?"

வெறுங்கை இல்லை, சைக்கிள் இருக்கிறது என்று சொன்னேன். கேட்கவில்லை. நானும் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. கொஞ்சத் தூரம் கராம்பைப் பற்றிப் பேசிக்கொண்டு ஏறினார். பிறகு பேச்சு அரை வாக்கியங்களானது. பிறகு செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் என் சைக்கிளைச் செடியில் சாய்த்துவிட்டு ஓடிப்போய் அவருடையதை வாங்கினேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் நிறம், மேலுதடு முழுக்க வியர்வை. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். கையை ஆட்டினார், இல்லை என்றா, பேசாதே என்றா தெரியவில்லை. அவர் சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருந்தது. வைத்துவிட்டேன். மேலே போவதா கீழே போவதா என்று யோசித்தேன். கீழே யாரும் இல்லை. மேலே ஆள் சத்தம் கேட்டது. கையை வாயில் குவித்துக் கத்தினேன்.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நாலைந்து பேர் இறங்கி வந்தார்கள். விறகு அம்மாவும் கட்டைப் போட்டுவிட்டு வந்திருந்தார். நானா நெஞ்சு வருத்தக்காரர் என்று நான் சொன்னதும் அந்த அம்மா என்னைத் திட்டினார்.

"நெஞ்சுக்காரர வெச்சிக்கிட்டு லேசான வழி கேட்டியே, நீ என்னா ஆளு? ரோட்டு வழின்னு கேட்டா ரோட்டக் காட்டியிருப்பேன்ல."

ஒருத்தி போத்தலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். இன்னொருத்தி கங்காணியிடம் சொல்லிக் கொழுந்து லொறியை வரவைக்க மேலே ஓடினாள். ஓர் இளம்பெண் நானாவின் கியர் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தாள், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி அதை முதுகில் போட்டுக்கொண்டாள். கொழுந்தைவிட லேசு என்றாள். நானாவின் ஒரு கை என் நல்ல தோளில், மறு கை ஒரு கொழுந்துக்காரப் பெண்ணின் தோளில். ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினோம். முகத்துக்குக் கொஞ்சம் நிறம் திரும்பியது. ஆனால் மேலே ரோட்டுக்கு வரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நேரம் அளவுக்கு நான் எங்கேயும் பயந்ததில்லை. கட்டாரில் சாரப் பலகையோடு விழுந்தபோதுகூட விழுந்து முடிந்த பிறகுதான் பயம் வந்தது.

எங்கள் லொறிக்கு ஆள் அனுப்புவதற்குள் கொழுந்து லொறி வந்துவிட்டது. கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். புது அடைப்பு ஒன்றும் இல்லை, தாங்க முடியாத ஏற்றம் ஏறியிருக்கிறார், இன்றைக்கு இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். தாத்தா வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஏத்தமா தம்பி?"

"ஏத்தம்தாங்க தாத்தா."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

கியர் சைக்கிள் சாதிக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் போனது. அறைக்குப் பூட்டு, சாவி தாத்தாவின் இடுப்பில். நானா மறுபடியும் கடையில் உட்கார ஆரம்பித்தார். கூப்பிட்டவர்களிடம் எல்லாம் டீ வாங்கிக் குடித்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீடியோவைப் பார்க்கிறாராம், அந்தக் கால்வாயைத்தான். இதெல்லாம் லொறி டிரைவர் சொல்லித் தெரியும். என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. நான் வில்கமுவைக்குத் திரும்பிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அறுவடைக்கு அங்கே ஆள் தேவைப்படும்.

போகுமுன் ஒரு தடவை தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். இந்த முறை லேசான வழி எது என்று யாரிடமும் கேட்கவில்லை. பாலம் போன பிறகு கொழுந்து லொறி எந்த வழியாக வருகிறது என்று கேட்டேன். லயத்துக்குப் பின்னால் கார்ட் ரோட்டின் இன்னொரு கிளை இருக்கிறதாம். பாரம் ஏற்றிய பழைய லொறி ஏறுகிற வழி. நான் அதில் மேலே போய்க் கீழே வந்தேன். ஓரிடத்தில்கூட இருக்கையிலிருந்து எழும்ப வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வாரம் தாத்தாவே எங்கள் சைக்கிள் கடை வாசலில் த்ரீவீலரில் வந்து இறங்கினார். கிளினிக்கில் டொக்டர் நானாவை ஏசியிருக்கிறார். எடை ஏறிவிட்டது, இப்படி உட்கார்ந்திருந்தால் வைத்த கம்பிச் சுருளும் அடைத்துக்கொள்ளும், சைக்கிளை ஏன் விட்டீர்கள் என்று. தாத்தாவுக்கு இரண்டு பக்கமும் பயம். ஓட்டினாலும் பயம், உட்கார்ந்தாலும் பயம். புது வழி ஒன்று இருக்கிறது, மட்டமானது என்று நான் சொன்னேன்.

"நீங்க செல்றதையும் கேக்க மாட்டேன், தோட்டத்து ஆக்கள் செல்றதையும் கேக்க மாட்டேன்" என்றார். "எனக்கு ரெண்டு முழங்காலும் ஏலா. வீட்டுல படி ஏறுறதே பக்கவாட்டுல. நான் நடக்கிறேன். நான் நிண்ட எடத்துல அவரும் நிக்கணும்."

அப்படித்தான் அந்த வழி அளக்கப்பட்டது. ஒரு காலையில் தாத்தா குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். நானா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால். அவருக்குக் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் கோபம். மாப்பிள்ளையைப் பெண் பார்க்கக் கூட்டிப்போவது போல இருக்கிறது என்று என்னிடம் முணுமுணுத்தார். தாத்தா வளைவுக்கு வளைவு நின்று முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். சாய்வு தெரிகிற ஓரிடத்தில் குடை நுனியால் மண்ணைத் தட்டி யோசித்தார், பிறகு நடந்தார். நீர்க்குழாய் ரோட்டுக்குக் குறுக்கே போகும் இடத்தில் நின்றுவிட்டார்.

"இவ்வளவுதான்" என்றார்.

"இன்னும் கொஞ்சம் போனா ஸ்டோர்" என்றார் நானா.

"ஸ்டோருல உங்களுக்கு என்ன வேல ஈக்குது?"

நானா சைக்கிளில் ஏறிக் கீழே ஒரு வளைவு போய்த் திரும்பி, தாத்தா நிற்கும் இடம்வரை மிதித்து வந்தார். மறுபடியும் போனார். நாலாம் தடவை வந்தபோது குறுக்குப் பாதை ரோட்டைத் தொடும் இடத்தில் அதே விறகு அம்மா வந்து நின்றார். அன்றைக்குக் கட்டு இல்லை, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்குதான். எங்களை அடையாளம் தெரிந்துகொண்டு நெஞ்சு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு நானா அந்த வளைவிலேயே போவதையும் வருவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னாங்கம்மா, ஐயா ஒரே எடத்தச் சுத்துறாரு? எங்க போகணும் அவருக்கு?"

"எங்கேயும் போகத் தேவையில்ல" என்றார் தாத்தா. "எங்களுக்குத் தூரம்தான் வேணும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, குறுக்கால் மலைக்கு ஏறிப் போனார். நானா அடுத்த சுற்று முடித்து வருவதற்குள் அவர் மேலே தேயிலைக்குள் நின்று கொழுந்து எடுக்க ஆரம்பித்திருந்தார்.